புஞ்சக்கரியில் பூநாரை

அலுவலகம் காலியாகிவிட்டது. மணி மூன்று பத்து. நீண்ட வராந்தாவின் கடைசி அறை கேன்டீன். அங்கே மாரியப்பன் பால் காய்ச்சும் பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். புளியும் சாம்பலும் கலந்த வாசனை வாசல்வரை வந்தது.

"என்ன இது, நாளைக்கு டீ கிடையாதா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நாளைக்கு டீ உண்டு சார். நான்தான் கெடையாது," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கேன்டீன் ஒப்பந்தம் வேறு கைக்கு மாறுகிறது. புதியவர்கள் தங்கள் ஆட்களோடு வருகிறார்கள். மறுநாள் காலை ரயிலில் அவர் ஊருக்குப் போகிறார். அவருக்கு இது ஒரு மாதமாகத் தெரியும். எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

பதினோரு ஆண்டுகள் தினம் இரண்டு வேளை என் மேஜைக்கு டீ கொண்டுவந்த மனிதர். டீயோடு ஏதாவது ஒரு செய்தியும் வரும். கடந்த பன்னிரண்டு நாட்களாக டீ மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு என்று உறுதியாகச் சொல்வேன். எண்ணுவது என் வியாதி. செய்தி நின்றுபோனதற்கு நான் காரணம். அதற்குக் காரணம் ஒரு பறவை.

மூன்று மணி விடுமுறை

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள், நகர எல்லைக்குள் இருக்கும் அரசு அலுவலகங்களை மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் பெரிய கோயிலின் சுவாமி ஆறாட்டுக்காகக் கடலுக்குப் போகும் நாட்கள் அவை. ஊர்வலம் மேற்குக் கோட்டை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வழியில் விமான நிலையம் குறுக்கே கிடக்கிறது. சுவாமி போகும் பாதை பழையது, ஓடுபாதை புதியது. ஆகவே அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. சுவாமி ஓடுபாதையைக் கடந்து கடலில் நீராடித் திரும்பிய பிறகுதான் மற்ற போக்குவரத்து.

இந்த இரண்டு திருவிழாக்களின் பெயர்களும் எனக்குப் பிடித்தமானவை. ஊரில் மாதக் கணக்கெல்லாம் சிங்ஙம், கன்னி, துலாம் என்று ஓடுகிறது. கோயில் திருவிழாவுக்கு மட்டும் பைங்குனி, அல்பசி. நம்முடைய பங்குனியும் ஐப்பசியும்தான். இதைப் பற்றிப் பழைய சமஸ்தானக் கையேடுகளில் நான் தேடிப் படித்ததை எல்லாம் எழுதினால் இந்த வாரப் பக்கம் முடிந்துவிடும்.

சாலைக் கடைத்தெருவில் எங்கள் அப்பாவின் இரும்புக் கடைக்குள் வெள்ளம் வந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், "எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன கிழமை?" என்று கேட்டிருக்கிறார். என் இனத்தைச் சேர்ந்தவர். எல்லாம் என் டைரியில் இருக்கிறது ஐயா. ஆனால் தேதிகளைக் குறைத்துக்கொள்ளும்படி இந்த இதழின் உதவி ஆசிரியர் அன்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பஞ்சாங்கம் படிப்பதுபோல இருக்கிறதாம். ஆகவே இது ஓர் ஐப்பசி ஆறாட்டு நாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்று மணிக்குக் கிடைக்கும் இந்த அரை நாளை நான் எப்போதும் ஒரே விதமாகத்தான் செலவழிப்பேன். ஊரே மேற்கே போகும். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெற்கே போவேன், வெள்ளாயணிக் காயலுக்கும் அதை ஒட்டிய புஞ்சக்கரி வயலுக்கும். நகரத்துக்குள்ளேயே, பேருந்து ஓசை எட்டும் தூரத்தில், கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் பச்சையும் பறவைகளுமாக ஓர் இடம் கிடக்கிறது. இந்த ஊரில் இருபத்தைந்து வருடம் குடியிருந்து அங்கே ஒருமுறைகூடப் போகாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் கோபம் இல்லை, நன்றிதான். எல்லோரும் வந்தால் பறவை எங்கே போகும்?

பூச்சி மருந்துக் கடைக்காரரின் கூழைக்கடா

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஏழெட்டுப் பேர். காலை ஆறரைக்கு ஏதாவது ஒரு நீர்நிலைக்குப் போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு அப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டுக் கலைந்துவிடுவோம். அதற்கு ஒரு பதிவேடு உண்டு. எழுதுகிறவன் நான். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, கண்டவர், சான்று என்று ஏழு கட்டங்கள். பச்சைத் துணி அட்டை. அடித்தல் திருத்தல் கிடையாது.

சான்று என்ற ஏழாவது கட்டம் முதலில் இல்லை. அது வந்ததற்கு ஒரு கதை உண்டு, அவமானம் எனக்குத்தான்.

கூட்டம் தொடங்கிய புதிதில் ஒரு மாசி மாதக் காலை. புஞ்சக்கரி வயலுக்கு நடுவே, பனிக்குள், வெள்ளையாக, தடித்து, அசையாமல் ஒன்று நின்றது. "கூழைக்கடா, ஒன்று" என்று எழுதினேன். கூட்டத்தில் ஒரு பூச்சி மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த வாரமும் அது அங்கேயே நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது. பிறகு அவர் என் காதோடு சொன்னார்: "சாரே, அது நம்ம கடை சாக்கு. பயறுக்குக் காவல் வெச்சிருக்கான்."

கோலில் மாட்டிய உரச் சாக்கு. அதிலிருந்து விதி வகுத்துவிட்டேன். படம் இருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு பேர் கண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் யார் சொன்னாலும் ஏறாது. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் சொன்னதையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் ஒரு வாரம் அலைந்து படத்தோடு வந்தார். அதற்காக என்னை மெச்சவும் செய்தார். விதியைப் பற்றி எனக்கு அப்படியொரு பெருமை.

கேன்டீன் ஜன்னல்

மாரியப்பன் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர். அந்தப் பெயரைக் கேட்டதும் பறவை பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குளத்தில் மட்டுமல்லாமல் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும் ஊர் அது. தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள்.

"வெடிச்சா என்ன ஆகும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது சார். வெடிக்கவனோட அம்மைதான் வெளக்குமாத்த எடுப்பா," என்றார். "பிரசவத்துக்கு வந்த பிள்ளைக இருக்கும்போது வீட்டுல எவனாவது வெடி போடுவானா?"

கேன்டீன் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மழைமரம். அதில் வந்து உட்காருவதை எல்லாம் பால் கொதிக்கும் நேரத்தில் அவர் பார்த்துவிடுவார். "பருந்து குஞ்சு பொரிச்சாச்சு." "குயிலு வேல காட்டிட்டு, காக்கா கூட்டுல முட்ட வச்சாச்சு." எனக்கு டீயோடு வந்த செய்திகள் இவை. எழுத்தில் எதுவும் இல்லாமல், புத்தகம் எதுவும் இல்லாமல், ஒரு மனிதருக்கு இவ்வளவு தெரியுமா என்று வியந்திருக்கிறேன். வியந்துகொண்டே, அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கூட்டத்துக்கு அழைத்ததில்லை. அது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆறாட்டுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அவர் கீரையும் பயறும் வாங்க விடியற்காலையில் புஞ்சக்கரி போயிருந்தார். விவசாயிகளிடமே வாங்கினால் இலை வாடாமல் கிடைக்கும் என்பது அவர் கட்சி. அன்று டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சார், பூநாரை வந்திருக்கு."

"எங்கே?"

"புஞ்சக்கரியில. நானே பாத்தேன், ஒண்ணு. தண்ணி கட்டுன வயல்ல நின்னுட்டு, தலையத் தலகீழாப் போட்டு அரிச்சிட்டிருந்துது."

பூநாரை, ஆங்கிலத்தில் ஃபிளமிங்கோ என்கிற அந்தச் செந்நிறப் பறவை, இந்தப் பக்கம் வருவது அபூர்வம். எங்கள் பதிவேட்டில் ஒருமுறைகூட ஏறியதில்லை. என் கை தானாகவே மேஜையைத் திறந்து பதிவேட்டை எடுத்தது. பிறகு என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஐப்பசியில் பூநாரையா? அவர் ஊருக்கே அது தை, மாசியில்தானே வரும்? படம் உண்டா? இல்லை. கூட யாராவது பார்த்தார்களா? இல்லை. எத்தனை மணிக்கு? சூரியன் உதிக்கிற நேரம்.

"மாரியப்பன், விடியற்கால வெயில்ல கொக்குகூடச் செவப்பாத்தான் தெரியும்," என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "வழி தப்பி வந்ததா இருக்கும் சார்," என்று மட்டும் மெல்லச் சொன்னார். நான் பதிவேட்டை மூடி உள்ளே வைத்தேன். அவர் முன்னால் மூடியிருக்க வேண்டியதில்லை.

பக்கத்து மேஜை சதீஷ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் காலையிலேயே அவர் சொல்லியிருக்கிறார்போல. அன்றிலிருந்து டீ வரும்போதெல்லாம், "அண்ணாச்சீ, பெங்குவின் வல்லதும் வந்நோ?" என்று மலையாளத்தில் ஆரம்பித்துவிடுவான், பெங்குவின் ஏதாவது வந்ததா என்று. அறை முழுவதும் சிரிக்கும். நல்ல பையன்தான், கேலிக்கு அளவு தெரியாது. "ஜூவிலேந்நு சாடிப்போயதாயிரிக்கும்" என்று வேறு ஒருவர் சேர்ந்துகொள்வார். இந்த ஊரில் மிருகக்காட்சி சாலை நகரத்தின் நடுவில் இருக்கிறது. எந்த விநோதத்தைச் சொன்னாலும் அங்கிருந்து தப்பி வந்தது என்று முடித்துவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புஞ்சக்கரி போயிருக்கலாம். திட்டப்படி ஆக்குளம் போனோம்.

ஒரே ஒரு விஷயம்

ஆறாட்டு நாளுக்குத் திரும்புகிறேன். பாத்திரத்தைத் தேய்த்து முடித்து அவர் கை கழுவும்வரை நின்றேன். "ஊருக்குப் போறதுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். அந்த இடத்தில் யாரும் கேட்பதைத்தான் கேட்டேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"பதினோரு வருசம் இங்கன டீ போட்டுட்டேன். வெளாட்டுப் பேச்சு நெறையப் பேசியிருக்கேன். வெளாட்டில்லாம ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் சார். அது பொய்யின்னு ஆகி, அதோட நான் ரயிலேறக் கூடாது."

"வாங்க," என்றேன். "வண்டியில ஏறுங்க. இப்பவே போவோம்."

"இன்னமும் இருக்கும்னு நான் சொல்லல."

"பரவாயில்ல. இருந்த இடத்தையாவது காட்டுங்க."

பாதுகாப்பு அறையிலிருந்து ஒரு ஹெல்மெட்டைக் கடன் வாங்கி அவர் தலையில் மாட்டினேன். தலை பெரியது, ஹெல்மெட் சிறியது. "பூநாரை நம்மளப் பாத்தா பறந்திரும்," என்றார். பன்னிரண்டு நாளில் என்னிடம் அவர் சொன்ன முதல் விளையாட்டுப் பேச்சு.

தம்பானூர், கிள்ளிப்பாலம், கரமனை. எதிர்ப்பக்கமெல்லாம் கோட்டையை நோக்கிப் போகிற கூட்டம். ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டிகள், தோளில் குழந்தைகள். கைமனத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திருவல்லம் சாலையில் திரும்பினால் ஹாரன் சத்தம் பாதியாகக் குறையும். இன்னும் சிறிது தூரம். ஒரு வளைவு, ஒரு மளிகைக் கடை, ஒரு வாழைத் தோட்டம். அதற்குப் பிறகு வீடுகள் திடீரென்று நின்றுவிடும்.

எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் நான் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவேன். இடது பக்கமும் வலது பக்கமும் வயல். பாதி வயலில் தண்ணீர் நிற்கும். தண்ணீரில் மேகம் நிற்கும். நடுவே ஒற்றையடி வரப்புகள், பயற்றங்கொடிப் பந்தல்கள், சிவப்புக் கீரைப் பாத்திகள். அப்பால் காயல். கடல் அவ்வளவு அருகில் இருந்தும் ஒரு சொட்டு உப்பு கலக்காத நன்னீர். தாமரை இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காற்று வரும்போது அடிப்பக்கத்தைக் காட்டிப் புரளும். பச்சை வெள்ளையாகும், மறுபடி பச்சையாகும்.

அன்று இன்னொரு சிறப்பு. விமானம் இல்லை. மற்ற நாட்களில் தலைக்கு மேலே ஏதாவது ஒன்று இரைந்துகொண்டு போகும். அன்று சுவாமியின் பெயரில் வானம் முழுவதையும் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அரிவாள் மூக்கன்கள் வரிசையாகப் போனபோது அவற்றின் இறக்கை காற்றை வெட்டும் சத்தம் கேட்டது. இந்த நகரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆண்டுக்கு இரண்டே மாலைகள்தான்.

மோட்டார் புரை

அவர் பூநாரையைப் பார்த்த வயலைக் காட்டினார். பம்பு வைத்திருக்கும் சிறிய கொட்டகை, இந்த ஊர்ப் பேச்சில் மோட்டார் புரை, அதற்கு நேர் எதிரே, மூன்றாவது வரப்பைத் தாண்டி. முழங்கால் அளவுத் தண்ணீர். அங்கே நான்கைந்து கொக்குகள் மட்டும் நின்றன.

நான் தொலைநோக்கியை எடுத்தேன். அவர் வெறும் கண்ணால் பார்த்தார். அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை அப்படியே சொல்கிறேன். தூரத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, "நத்தைகுத்தி நாரை," என்பார். நான் தொலைநோக்கியைத் திருகித் திருகித் தெளிவாக்கி, ஆமாம் என்பேன். "அந்தப் பொதருக்குள்ள நீலக்கோழி, மூணு." மூன்றுதான். "அது கரண்டிவாயன் இல்ல, கொக்கு தூங்குது." தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நிறத்தைக் கொண்டு அல்ல, நடையைக் கொண்டு சொல்கிறார் என்பது எனக்குப் புரிய இருபது நிமிடம் ஆயிற்று. வராந்தாவில் வரும் காலடியை வைத்தே ஆளைச் சொல்வதுபோல.

இரண்டு முறை நான் முந்திக்கொண்டு பெயர் சொன்னேன். இரண்டும் தவறு. அவர் திருத்தவில்லை, "அப்படியா சார்" என்றார். அது திருத்தியதைவிட மோசமாக இருந்தது.

ஐந்து மணிக்கு, துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் ஐப்பசி மழையின் இடி இடித்தது. ஐந்து நிமிடத்தில் மழை. மோட்டார் புரைக்குள் ஓடினோம். உள்ளே தாமரை பறிக்கும் சுரேந்திரன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வாராவாரம் பார்த்துப் பழகிய முகம். சிறு வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு, தாமரை மொட்டுக்கட்டுகளை நனையாமல் மடியருகே வைத்திருந்தார். டீசலும் சேறும் தாமரைத் தண்டும் சேர்ந்த ஒரு வாசனை. எங்களுக்கு ஆளுக்கொரு தாமரைக் காயைக் கொடுத்தார். தோலை உரித்துத் தின்றால் பச்சை வேர்க்கடலைபோல ஒரு பால் ருசி.

அவரிடம் கேட்டேன். நீண்ட கால், வளைந்த மூக்கு, சிவப்பு இறக்கை, இந்தப் பக்கம் ஏதாவது பார்த்தீர்களா?

"ஞான் கண்டிட்டில்ல," என்றார். பார்க்கவில்லையாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூ பறிக்குந்நவன் பூவல்லே நோக்கூ சாரே," என்று சேர்த்துக்கொண்டார். பூ பறிக்கிறவன் பூவைத்தானே பார்ப்பான்.

மாரியப்பன் தாமரைக் காயின் தோலை மிகக் கவனமாக உரித்துக்கொண்டிருந்தார். தகரக் கூரைமேல் மழை பெரும் இரைச்சலாகக் கொட்டியது.

சிவந்த வெளிச்சம்

மழை வந்த வேகத்திலேயே நின்றது. கடல் பக்கம் மேகத்துக்குக் கீழே ஒரு கீற்று திறந்து, அதன் வழியே வெயில் படுத்த வாக்கில் உள்ளே வந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. வயல் தண்ணீர் செம்பாக மாறியது. பயற்றங்கொடியின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி, ஒவ்வொரு துளியிலும் ஒரு தீ. தவளைகள் ஒரே குரலில் தொடங்கின. சுரேந்திரன்கூட எழுந்து வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். பிறகு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் அதைக் கண்டேன்.

மூன்றாவது வரப்புக்கு அப்பால், அவர் காட்டிய அதே வயலில், உயரமாக, வளைந்த கழுத்தோடு ஒன்று நின்றது. உடல் முழுக்க இளஞ்சிவப்பு. கால்களும் சிவப்பு. தொலைநோக்கியைத் தூக்கினேன், மழை ஈரத்தில் கண்ணாடி பனித்துப்போயிருந்தது. சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம். தேவையில்லை, கண்ணுக்கே தெரிகிறது.

"மாரியப்பன்," என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "அதோ. கிடைச்சாச்சு."

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பதிவேட்டை எடுத்துவிட்டேன். பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். கண்டவர் இருவர், விதிப்படி சான்று முழுமை. நாளை காலை அவர் ரயிலேறலாம். நாளைக்கே சதீஷின் மேஜைமேல் இந்தப் பக்கத்தை விரித்து வைப்பேன். இவ்வளவையும் அந்தச் சில நொடிகளில் யோசித்து முடித்துவிட்டேன்.

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஆசை இருந்தது; அதை அவர் மறைக்க முடியாத அளவு அருகில் நான் நின்றேன்.

"கொக்கு சார்," என்றார்.

"நல்லாப் பாருங்க. நிறத்தைப் பாருங்க."

"நெறம் வெயிலோடது. கழுத்து கொக்கோடது." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பூநாரை சும்மா நிக்காது. காலால மிதிச்சு மிதிச்சுச் சகதியக் கலக்கித்தான் திங்கும். இது நிக்க எடத்துல தண்ணி அசையவே இல்ல, பாருங்க."

பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. கடல் பக்கக் கீற்றை ஒரு மேகம் மூடியது. பறவை என் கண்ணெதிரே மெல்ல மெல்ல வெளுத்து, பெரிய வெள்ளைக் கொக்காக ஆகி, ஒரு மீனைக் கொத்தி விழுங்கியது.

விடியற்கால வெயிலில் கொக்குகூடச் சிவப்பாகத் தெரியும் என்று அவருக்குப் பாடம் சொன்னவன் நான். அவர் ஒருமுறை தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் எழுதியிருப்பேன், கையெழுத்தும் போட்டிருப்பேன். அந்த மாலையில் அந்தப் பறவை பூநாரையாக இருக்க வேண்டும் என்று உலகத்தில் அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் எவரும் இல்லை.

திறந்த பேனா கையிலேயே இருந்தது. மோட்டார் புரையின் திண்டில் உட்கார்ந்து, பதிவேட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாள் முந்தைய தேதியைப் போட்டேன். நேரம், சூரிய உதயம். இடம், புஞ்சக்கரி, மோட்டார் புரைக்கு எதிர் வயல், மூன்றாவது வரப்புக்கு அப்பால். பறவை, பூநாரை. எண்ணிக்கை, ஒன்று. கண்டவர், மாரியப்பன்.

சான்று என்ற கட்டத்தில் கொஞ்சம் நின்றேன். பிறகு, "கண்டவர் கூந்தன்குளத்துக்காரர்" என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த வரிக்கு இன்றுவரை எதிர்ப்பு உண்டு. மருத்துவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இருக்கட்டும்.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து, விரலை வரியின் கீழே நகர்த்தி, எழுத்துக் கூட்டாமல் மெதுவாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது தப்பு சார்."

"எது?"

"எண்ணிக்கை. ரெண்டு."

"என்கிட்ட ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"மொதல்ல சதீஷ் சார்ட்ட ரெண்டுன்னுதான் சொன்னேன். அவரு சிரிச்சாரு. நீங்க எல்லாத்துக்கும் கணக்குப் பாக்கிற ஆளு. ஒண்ணுன்னா நம்புவீங்கன்னு கொறச்சுச் சொன்னேன்."

ஒன்று என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். அந்தப் பதிவேட்டில் முதல் அடித்தல் அதுதான்.

"ரெண்டும் ஒண்ணுபோலவா இருந்துது?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஒண்ணுதான் செவப்பு. மத்தது இந்த வருசத்துக் குஞ்சு. அழுக்குச் சாம்பல் கலரு, மூக்குகூட இன்னும் கறுக்கல. பெருசு போற வழியிலேயே பின்னால பின்னால போயிட்டிருந்துது." அவர் திண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதெல்லாமும் எழுதணுமா?"

"எல்லாத்தையும் சொல்லுங்க," என்றேன்.

வெளிச்சம் போகும்வரை அவர் சொன்னார், நான் எழுதினேன்.